பலித்த கோஷம்

கண்ணாடி ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மைக் இல்லாமல் ஒரு கூட்டம் நடத்த வேண்டுமென்றால் அந்த ஊரில் ஒரே ஒரு ஆளைத்தான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் அதற்கு மதிப்பில்லை. ஊருக்கெல்லாம் அவர் மைக்கண்ணன். உலைக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்த தொண்டை அது. அங்கே இரைகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் தும்மினால்கூடக் கேட்காது. ஆனால் மைக்கண்ணன் "டேய், ஒதுங்கு!" என்று ஒரு குரல் விட்டால் போதும், சம்பந்தமே இல்லாத வாட்ச்மேன்கூட வாசலில் ஒதுங்கி நிற்பான்.

அந்தத் தொண்டைக்குத் தொழிற்சங்கம் ஒரு வேலை கொடுத்திருந்தது. ஷிப்ட் மாறும் நேரத்தில் நடக்கும் வாசல் கூட்டத்தில் கோஷம் எடுத்துக் கொடுப்பது. கோஷம் என்றால் என்னவோ வாய்க்கு வந்ததைக் கத்துவது என்று நினைக்கிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் வெயிலில் நின்று கத்திப் பார்க்கட்டும், தெரியும் சேதி. எடுத்துக் கொடுக்கிறவன் ஓர் அடி சொல்லுவான், கூட்டம் மறு அடி சொல்லும். கூட்டம் மூச்சு வாங்குகிற இடத்தில் சொல் முடிய வேண்டும். எதுகை வந்து விழவேண்டிய இடத்தில் விழவில்லையென்றால் பின்வரிசைக்காரன் வாயை அசைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவான். மைக்கண்ணன் நடந்துகொண்டே கோஷம் கட்டுவார். சொல்லும் காலடியும் ஒன்றாக விழுந்தால் கோஷம் தயார். காகிதம், பேனா எதுவும் வேண்டாம்.

அப்படிக் கட்டிய கோஷங்களில் ஏதாவது ஒன்று பலித்ததா என்று கேட்டால், ஊஹூம். போனஸ் கேட்டுக் கோஷம் போட்டார்கள், நோட்டீஸ் வந்தது. மேனேஜர் ஒழிக என்றார்கள், அந்த ஆள் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு முன்னைவிடக் குண்டாக வந்து நின்றான். ஆலையை மூடாதே என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். ஆலை கம்பீரமாக மூடிக்கொண்டது. கோஷம் போடுகிறவன் வயிற்றெரிச்சல் தீரத்தான் கோஷம், கேட்கிறவன் அதை ஒரு நாளும் காதில் போட்டுக்கொள்ள மாட்டான் என்பது மைக்கண்ணன் வாழ்க்கையில் படித்த பாடம். அதை அவர் அடித்துச் சொல்வார்.

இப்பேர்ப்பட்ட தொண்டைக்காரருக்குப் பிறந்த ஒரே மகளுக்கு வாய் திக்கியது. தலையெழுத்து என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல! குழந்தை பேச ஆரம்பிக்கும்போதே முதல் எழுத்து மாட்டிக்கொள்ளும். கண்ணை இறுக்கி மூடி, கழுத்தை ஒரு பக்கமாக இழுத்து, அந்த எழுத்தோடு மல்லுக்கு நிற்பாள். கடைக்குப் போகமாட்டாள். விருந்தாளி வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவாள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். மைக்கண்ணனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பொறுமை கிடையாது. அவள் "த... த..." என்றதுமே, "தண்ணியா? இந்தா!" என்று முடித்துக் கொடுத்துவிடுவார். பாசம்தான், யார் இல்லை என்றது. ஆனால் பிள்ளை ஒரு சொல்லையும் தானாக முடித்ததில்லை.

அவள் படித்த நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். தற்காலிக வேலைதான். வாரத்துக்குச் சில வகுப்புகள், ஒரு பழைய கீபோர்டு, தட்டுமுட்டுச் சாமான் அறையில் பாதி இடம், அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். மைக்கண்ணன் மகள் பாட்டு வகுப்பில் திக்காமல் பாடுகிறாள் என்பதை முதலில் கண்டுபிடித்தது அவர்தான். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவளை நிறுத்திவைத்து, மேசையில் விரலால் தாளம் தட்டச் சொல்லி, முதல் எழுத்தைப் பாட்டில் இழுப்பதுபோல மெல்ல இழுத்துப் பேசப் பழக்கினார். சல்லிக்காசு வாங்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பிள்ளை தானாகக் கடைக்குப் போய், "பெ...ன்சில் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அம்மாக்காரி அந்தப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். மைக்கண்ணனும்தான் அழுதார். "நம்ம புள்ளைக்கு அந்த டீச்சர் கடவுள் மாதிரி" என்று சொன்னது சாட்சாத் அவர் வாய்தான்.

அப்புறம் அந்த வாய் என்ன செய்தது என்பதுதான் கதை.

ஆலை மூடியதும் ஊரில் பாதி வீட்டுக்குச் சம்பளம் நின்றது. கூடவே இன்னொன்றும் நின்றது, அதை யாரும் யோசிக்கவில்லை. ஆலை நகராட்சிக்குக் கட்டி வந்த வரி. அந்தப் பணத்தில்தான் பள்ளிக்கூடம் ஓடிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகுகிற வகுப்பறைகளில் வாளி வைத்தார்கள். கணக்கு வாத்தியார் அறிவியலும் எடுத்தார். மேலிடத்தில் கேட்டதற்கு அவர்கள் அழகாகக் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் நகராட்சித் தலைவி வீட்டு வரியை ஏற்றப்போவதாக அறிவித்தார். பள்ளிக்கூடத்துக்கென்றே ஏற்றம் என்று சொல்லித்தான் அறிவித்தார்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. வேலை போனவன் வீட்டில் அடுப்பெரியவே ஆயிரம் யோசனை. போன தடவை வரி கட்டுவதற்காகத் தன் வண்டியை விற்ற பேக்கிங் செக்‌ஷன்காரர் ஒருவர் எங்கே போனாலும் நடந்தேதான் போய்க்கொண்டிருந்தார். மைக்கண்ணன் வீட்டிலும் ஒரே சம்பளம்தான். மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் போர்வை மடித்துக் கொண்டுவருவது. ஆகவே ஊரின் கோபம் பொய்க் கோபமில்லை. அதை மட்டும் யாரும் தப்பு சொல்ல முடியாது.

வரி எதிர்ப்புச் சங்கம் ஒன்று முளைத்தது. தலைவர், ஹார்டுவேர் கடைக்காரர். மனிதருக்குச் சொந்தமாக வரிசை வீடுகள் உண்டு, அத்தனையும் வாடகைக்கு விட்டது. ஏழைகளுக்காக அவர் விட்ட கண்ணீரில் அந்த வீடுகளும் நனைந்துதான் இருந்தன. அவர் நேரே மைக்கண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"மைக்கு, நீ இல்லாம ஊர்வலம் எடுத்தா அது சவ ஊர்வலம் மாதிரி இருக்கும்யா. ஒரு கோஷம் கட்டிக் குடு. ஊரே திரும்பிப் பாக்கணும்."

ஆலை மூடிய பிறகு மைக்கண்ணனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. மனைவி வேலைக்குப் போனதும் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார், அதுதான் அவருடைய ஷிப்ட். அந்த மனிதனை 'நீ இல்லாமல் முடியாது' என்று ஒருவர் வந்து கூப்பிட்டால் என்ன ஆகும்? காபி கொடுத்து அனுப்பிவிட்டு அப்போதே நடக்க ஆரம்பித்துவிட்டார். வாசலிலிருந்து பின்கட்டு, பின்கட்டிலிருந்து வாசல்.

"பூட்டின ஆலை பூட்டிருக்க..." முதலடி தானாக வந்தது. "வீட்டு வரியா ஏத்துறீங்க?" அதற்கு மறு அடி. அடடா, தாளம் ஜம்மென்று உட்கார்ந்தது. கடைசி அடியும் கிடைத்துவிட்டது: "கேட்டுப் பாரு நியாயமா!" இடையில் ஓர் அடி மட்டும் மொட்டையாக நின்றது. பூட்டு, வீட்டு, கேட்டு. இன்னொன்று வேண்டும். ரோட்டு என்று போட்டுப் பார்த்தார், ரோட்டில் என்ன இருக்கிறது, பள்ளம்தான் இருக்கிறது. நோட்டு என்று பார்த்தார், ஒட்டவில்லை. சட்டென்று வந்தது. "பாட்டுப் பாட டீச்சராம்!"

வந்து விழுந்த அழகில் அவருக்கே புல்லரித்தது. அப்போதே அதைத் துப்பியிருக்கலாம். கையில் சோறு போட்டவளைக் காலால் உதைக்கிற அடி அது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். கோஷம் கட்டுகிறவன் புத்தி அப்படி, நல்ல அடி கிடைத்துவிட்டால் அப்புறம் பெற்ற தாயே குறுக்கே வந்தாலும் தெரியாது.

சாயங்காலம் மகளை எதிரே நிறுத்திவைத்து ஒத்திகை பார்த்தார். "நான் ஒரு அடி, நீ ஒரு அடி. ரெடியா?"

"பூட்டின ஆலை பூட்டிருக்க..."

"வீட்டு வரியா ஏத்துறீங்க!" மகள் கணீரென்று சொன்னாள்.

"பாட்டுப் பாட டீச்சராம்..."

"கேட்டுப் பாரு நியாயமா!"

ஓர் எழுத்து மாட்டவில்லை. கழுத்து இழுக்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார், மறுபடியும் தண்ணீர் மாதிரி ஓடியது. மைக்கண்ணன் அவளைத் தூக்கிச் சுற்றினார். "என் சிங்கம்டா நீ! உன் வாயில திக்குன்னு ஒண்ணு இருக்குன்னு எவன் சொன்னான்?"

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். வேலையிலிருந்து வந்த களைப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "என்னங்க இது? அந்த டீச்சரை எதுக்கு இதுல இழுக்குறீங்க? புள்ளை இன்னிக்கு இந்த அளவுக்குப் பேசுறதே அவங்களாலதானே?"

"அட, கோஷம்மா இது! கோஷத்துல சொன்னதெல்லாம் நடந்திருந்தா முதலாளி எப்பவோ ஒழிஞ்சிருப்பான். எவன் காதுல வாங்குறான்? எதுகைக்கு ஒரு சொல்லு வேண்டியிருந்துச்சு, போட்டேன்."

"எதுகைக்கு என் பேரைப் போடுவீங்களா?"

"உன் பேருக்கு எதுகையே கிடையாதுடி, தப்பிச்சே!"

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு அவளும் வருத்தப்பட்டாள். மகள் மட்டும் கேட்டாள், "டீ... டீ..."

"டீச்சர் கோவிச்சுக்குவாங்களான்னுதானே? மாட்டாங்க. அவங்களுக்குத் தெரியும்" என்று அப்பாவே கேள்வியையும் முடித்து, பதிலையும் சொல்லிவிட்டார்.

ஊர்வலம் ஆலை வாசலில் ஆரம்பித்தது. மகளும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஓர் ஊர்வலத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. மாதக்கணக்காகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த ஆண்களும் பெண்களும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். முதல் இரண்டு அடிகளைவிட மூன்றாவது அடிக்குத்தான் உற்சாகம் அதிகம். ஆலை மூடியது துக்கம், வரி ஏறுவது துக்கம். பாட்டு டீச்சர் என்றதும்தான் கேலி செய்ய ஒன்று கிடைத்தது. பசித்தவனுக்குச் சிரிப்பும் ஒரு சோறு. இரண்டு மூன்று தெரு தாண்டுவதற்குள் விடலைகள் இடுப்பை ஆட்டிப் பாடுகிற மாதிரி நடித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மைக்கண்ணனுக்கு உள்ளே எங்கேயோ சுருக்கென்றது. ஆனால் பின்னால் அவ்வளவு பெரிய கூட்டம், அவ்வளவு பெரிய சத்தம், அதுவும் அவர் எடுத்துக் கொடுத்து. அந்தச் சுருக்கை மிதித்துக்கொண்டு நடந்தார்.

நகராட்சி அலுவலகத்தின் மாடியில் தலைவி வந்து நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, முழுக் கோஷத்தையும் கேட்டார். பதவியில் இருக்கிற ஒருவர் வெளியே வந்து நின்று காது கொடுத்துக் கேட்பது மைக்கண்ணன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆலையில் ஜன்னலைச் சாத்துவார்கள். ஆகவே அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். தலைவி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

சில நாள் கழித்து ஹார்டுவேர் கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு ஓடிவந்தார்.

"மைக்கு, ஜெயிச்சிட்டோம்யா! வரி ஏத்தம் ரத்து! கவுன்சில்ல முடிவாயிடுச்சு!"

பெஞ்சில் இருந்தவர்கள் மைக்கண்ணனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். பேக்கிங் செக்‌ஷன்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ பள்ளிக்கூடத்துக்குப் பணம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"செலவைக் குறைக்கிறாங்க. ஜனங்க எதை வேண்டாம்னு சொன்னாங்களோ அதை முதல்ல எடுத்துர்றோம்னு தலைவியம்மா சொல்லிட்டாங்க. பாட்டு டீச்சருக்கு இந்த மாசத்தோட சரி. லைப்ரரியையும் பூட்டுறாங்க. நம்ம மைக்கு கோஷத்தை அப்படியே கவுன்சில் மினிட்ஸ்ல எழுதியிருக்காங்கன்னா பாத்துக்கோயேன்!"

தோளில் இருந்த மைக்கண்ணன் சிரித்தபடியே இருந்தார். கீழே இறக்கிவிட்ட பிறகும் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் கேட்டதில் எதுவும் கிடைக்காத மனிதனுக்குக் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. வீட்டுத் தெருவில் திரும்பும்போதுதான் அந்தச் சிரிப்பு கழன்றது.

மறுநாள் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தலைவியைப் பார்க்கப் போனார். அறையில் மின்விசிறி நின்றுபோயிருந்தது. தலைவி பழைய கோப்பு ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க. உங்க கோஷத்தை மறக்க முடியுமா? தூக்கத்துல கூட வருது."

"அம்மா, அது... அந்த டீச்சர் விஷயம். அது சும்மா எதுகைக்காகப் போட்டதும்மா. மனசறிஞ்சு சொல்லல."

தலைவி விசிறுவதை நிறுத்தினார். "எதுகைக்கா?"

"ஆமாம்மா. பூட்டு, வீட்டு, கேட்டுன்னு வந்துச்சு..."

அவர் கோபப்பட்டிருந்தால் மைக்கண்ணனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் களைத்துப்போய்ச் சிரித்தார். "ஐயா, யாரை நிறுத்துறதுன்னு தெரியாம நான் எத்தனை நாள் முழிச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? கணக்கு வாத்தியாரா, ஆயாவா, யாரைத் தொட்டாலும் பாவம். நீங்க ஊரையே கூட்டிட்டு வந்து ஒரு பேரைச் சொன்னீங்க. ஊரே சொல்லும்போது அது ஊரோட விருப்பம்னு எடுத்துக்கிட்டேன். அதைத்தானே எடுத்துக்கணும்?"

"தப்புதாம்மா. திருப்பி எடுத்துக்குங்க."

"எடுத்துக்கிறேன். அதே கூட்டத்தைக் கூட்டிட்டு வாங்க. வரியை ஏத்துங்க, நாங்க கட்டுறோம்னு ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க. அன்னிக்கே டீச்சருக்கு ஆர்டர் போடுறேன்."

மைக்கண்ணன் வெளியே வந்தார். டீக்கடை பெஞ்சில் அதே முகங்கள். நாக்கை மடக்கி மடக்கி விஷயத்தைச் சொன்னார். பிள்ளைக்கு வாய் திக்குவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். டீச்சர் பண்ணிய உபகாரம்தான் தெரியாது. 

பேக்கிங் செக்‌ஷன்காரர்தான் பேசினார். குரலில் விரோதம் இல்லை. "அண்ணே, தப்பா நெனைக்காத. உன் புள்ளை எனக்கும் புள்ளைதான். ஆனா போன வருஷம் வரி கட்ட வண்டியை வித்தேன். இந்த வருஷம் எதை விக்கட்டும், சொல்லு. விக்கிறதுக்கு நான்தான் இருக்கேன்."

ஹார்டுவேர் கடைக்காரர் தோளைத் தட்டினார். "ஒரு டீச்சருக்காக ஊரைத் திரும்ப அடகு வைக்க முடியுமாய்யா? நீயேதானே கேட்டே, நியாயமான்னு?"

 அவர்கள் பேசியது அத்தனையும் மைக்கண்ணனே பேசிக் கொடுத்தது. தன் பேச்சுக்குத் தானே எப்படி மறுபேச்சுப் பேசுவது?

மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் போனார். தட்டுமுட்டு அறையில் உடைந்த பெஞ்சுகளுக்கும் விளையாட்டுப் பாய்களுக்கும் நடுவில் பாட்டு டீச்சர் கீபோர்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். முப்பதைத் தாண்டாத பெண். வந்தவரைப் பார்த்ததும் எழுந்து ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதையே மைக்கண்ணனை அறைந்தது மாதிரி இருந்தது.

"மன்னிச்சிருங்க டீச்சர், மனசறிஞ்சு சொல்லல" என்றார். சொன்ன கையோடு அந்த மோனை அவர் காதிலேயே விழுந்தது. அழுதுகொண்டு சொல்ல வேண்டியதுகூட இந்த நாக்கில் அலங்காரம் பண்ணிக்கொண்டுதான் வருகிறது. கடித்துத் துப்பிவிடலாமா என்று இருந்தது.

டீச்சர் சிரிக்கத்தான் செய்தார். "தாளம் ரொம்பச் சரியா இருந்துச்சு சார். அதுதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு. ஊர்வலம் இந்தப் பக்கம் போகும்போது இங்கதான் உக்காந்திருந்தேன். என்னைத்தான் சொல்றாங்கன்னு புரியறதுக்குள்ள என் காலே தாளம் போட ஆரம்பிச்சிடுச்சு."

மைக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க வீட்டுக்காரரும் உங்க ஆலையிலதான் சார் இருந்தாரு. அவரும் ஊர்வலத்துல வந்தாரு. அந்த மூணாவது அடிக்கு மட்டும் வாயை மூடிக்கிட்டேன்னு சொல்றாரு." கீபோர்டின் துணியை முடிச்சுப் போட்டார். "நம்பிக்கிறேன், வேற என்ன பண்றது? வரி ஏறலைன்னு கேள்விப்பட்ட அன்னிக்கு எங்க வீட்டுலயும் நிம்மதியாத்தான் தூங்கினோம். என்னை நிறுத்துற ஆர்டர் அதுக்கப்புறம்தானே வந்துச்சு."

அக்கா ஊருக்குப் போகிறாராம். அங்கே தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் கேட்டிருக்கிறாராம். கிடைத்தாலும் கிடைக்கலாம். கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"ஒரே ஒரு விஷயம் சார். பாப்பா சொல்லு மாட்டிக்கிட்டா நீங்க முடிச்சுக் குடுக்காதீங்க. கொஞ்ச நேரம் ஆகும், ஆனா வரும். அப்பா காத்திருக்கவே மாட்டாருன்னு ஒரு நாள் எங்கிட்ட சொன்னா. அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு ரொம்ப நேரம் ஆச்சு, பாவம்."

டீச்சர் போன பிறகு மகள் மறுபடி பின்கட்டுக்குப் போய்விட்டாள். கடைக்குப் போகச் சொன்னால் தலையை மட்டும் ஆட்டினாள். மேசையில் விரலால் தட்டிப் பார்ப்பாள், சொல் வராது. அம்மா திட்டினாள், பிறகு அவளே கட்டிக்கொண்டு அழுதாள். புருஷனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'அன்னைக்கே சொன்னேனே' என்று ஒரு தடவை குத்திக் காட்டியிருந்தாலும் மைக்கண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டாவது மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பார். அந்தப் புண்ணியவதி அதையும் செய்யவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நா... நா... நா..."

மைக்கண்ணனுக்கு நாக்கு துருதுருத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கழுத்து இழுத்தது, கண்ணை மூடினாள், திறந்தாள்.

"நா...னும்தானேப்பா சொன்னேன். அந்தக் கோ... கோஷத்தை."

 இத்தனை நாளும் பின்கட்டில் இந்தப் பிள்ளை இதையா சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தது! "ஐயோ, இல்லடா கண்ணு. நீ என்னடா பண்ணே? எல்லாம் இந்த அப்பன் பண்ணின பாவம்."

அவள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் யோசித்துவைத்திருந்தது வேறு. "கோ...ஷம் போட்டா தலைவி மேடம் கே...ப்பாங்கதானே? டீச்சர் வே... வே..." காத்திருந்தார். "வே...ணும்னு ஒண்ணு கட்டுப்பா. நாம போ...ய்ப் போடலாம்."

மைக்கண்ணன் மகளின் முகத்தைப் பார்த்தார். கோஷம் போட்டால் நடக்கும் என்பதைக் கண்ணால் கண்ட பிள்ளை அவள். அவள் பிறந்து விவரம் தெரிந்து பார்த்த ஒரே கோஷம் பலித்த கோஷம்தான். பலிக்காதவற்றையெல்லாம் அவர் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. இப்போது எப்படிச் சொல்வது? சொல்லாமல்தான் எப்படி இருப்பது?

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். இந்தத் தடவை எதுகையும் தேடவில்லை, மோனையும் தேடவில்லை. நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே, வெயிலில், அப்பனும் மகளும் நின்றார்கள்.

"பாட்டு டீச்சர்..." என்று எடுத்துக் கொடுத்தார்.

"வே...ணும்!" என்றாள் மகள்.

"எங்க பள்ளிக்கூடத்துக்கு..."

"வே...ணும்!"

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் சிரித்தான், யாரோ அவனை அதட்டினார்கள். பேக்கிங் செக்‌ஷன்காரர் பாதி குடித்த கிளாசை வைத்துவிட்டு வேறு பக்கமாக நடந்து போனார். அலுவலகப் பியூன் வாசல்வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் மாடியில் ஒரு ஜன்னல் சாத்தப்பட்டது. ஆலையில் சாத்துவார்களே, அதே மாதிரி, சத்தம் வராமல், மெதுவாக. மைக்கண்ணனுக்கு அந்தச் சாத்தல் நன்றாகத் தெரியும். மகளுக்குத் தெரியவில்லை.

"மே...டம் இன்னும் வரலையேப்பா."

"ம்."

"அன்னிக்கு வந்தாங்களே."

"அன்னிக்குக் கூட்டம் நெறைய இருந்துச்சும்மா."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். காலி ரோடு. கொஞ்சம் யோசித்தாள். பிறகு இரண்டு கையையும் இறுக்கி மடக்கிக்கொண்டாள்.

"அப்போ நா... நா...ன் இன்னும் சத்தமாச் சொல்றேன். நீ சொ...ல்லுப்பா."

கடைக்காரனிடம் பென்சில் கேட்கவே பயந்த பிள்ளை நடு ரோட்டில் நின்று சொல்கிறாள்.  உலை இரைச்சலுக்கு மேலே கேட்ட மைக்கண்ணனின் குரல் வெளியே வர மாட்டேன் என்றது. மகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை, முடித்துக் கொடுக்கவும் இல்லை. வரும் என்று நம்பி நின்றாள்.

அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார்.